நாவிக் கேட்கிறதா உங்கள் கருவிக்கு?

இந்தியாவின் சொந்த இடங்காட்டும் அமைப்பான நாவிக் உள்ளிட்ட புதிய செயற்கைக்கோள்களைப் பற்றியும் கையில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவிகளைப் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்கள் படகுக்காரர், விவசாயி, மாணவர் என்று யாராக இருந்தாலும் கவலை ஒன்றுதான்: இருப்பதைத் தூக்கிப் போட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, கருவி எந்த அலைவரிசையைக் கேட்கிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

போன் வாங்கும்போது பெட்டியில் ‘நாவிக்’ என்று போட்டிருந்தது. மேப்பைத் திறந்தால் எப்போதும் போல அதே நீலப் புள்ளிதான். நாவிக் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— கல்லூரி மாணவி, திருச்சி

நீலப் புள்ளி எதையும் காட்டிக்கொடுக்காது. கிடைத்த எல்லாச் செயற்கைக்கோள்களையும் கலந்து போட்ட விடைதான் அது. தனித்தனியாகப் பார்க்க ‘ஜி.பி.எஸ்.டெஸ்ட்’ என்ற இலவச ஆப் போதும். அதை நிறுவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் மூன்று நிமிடம் காத்திருங்கள். வரிசையாக எண்கள் வரும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தந்த நாட்டின் கொடி இருக்கும். மூவண்ணக் கொடி உள்ள வரியில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலில், அலைவரிசைப் பத்தியில் ‘எல்5’ என்று இருக்கிறதா? நாவிக் பேசும் அலைவரிசையின் பெயர் அது. இரண்டாவது, சிக்னல் வலிமை எவ்வளவு? 35க்கு மேல் என்றால் நல்லது, 25க்குக் கீழே என்றால் பயனில்லை. மூன்றாவது, கடைசிப் பத்தியில் ஏ, ஈ, யூ என்ற எழுத்துகள் இருக்கும். அதில் ‘யூ’ இருந்தால்தான் உங்கள் இடத்தைக் கணக்கிட அந்தச் செயற்கைக்கோளைப் போன் பயன்படுத்துகிறது என்று பொருள். கொடி தெரிந்து ‘யூ’ வராவிட்டால் போனுக்குக் காதில் விழுகிறது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வானில் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒன்று மறைந்தாலும் இன்னொன்று வந்துவிடும். நாவிக் அமைப்பில் ஒரு பகுதி புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருக்கிறது. நம் கண்ணுக்கு அவை வானத்தில் ஆணியடித்தது போல ஒரே இடத்தில் நிற்பவை. மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்தால் அந்தத் திசையில் இருப்பது நாள் முழுக்கக் காத்திருந்தாலும் வராது.

கொடிகள் ஒன்றிரண்டுதான் தெரிகின்றன என்று வருந்த வேண்டாம். நாவிக் ஏழு செயற்கைக்கோள்களுக்காகத் திட்டமிடப்பட்டது. 2013 ஜூலையில் முதலாவது போனது. பிறகு பலவற்றில் அணுக் கடிகாரம் பழுதாகி, இடங்காட்டும் வேலைக்கு உதவாமல் போயின. 2017 ஆகஸ்டில் மாற்றாக ஏவியது வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2025 ஜனவரியில் போன புதிய தலைமுறை நாவிக் செயற்கைக்கோளான என்.வி.எஸ்.-02 குறித்த சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஆகவே இப்போதைக்கு நாவிக், ஜி.பி.எஸ்.ஸுக்குத் தோள் கொடுக்கும் துணை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: அந்தப் போன் செயற்கைக்கோள் வாரியான விவரத்தை எந்த ஆப்புக்கும் கொடுப்பதில்லை. விவரத்தாளைப் பார்ப்பது ஒன்றே வழி. 2023இல் வந்த 15 புரோவில் நாவிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது, சாதா 15இல் இல்லை.

என் ஐந்து வருடப் போனில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் நாவிக் வருமா?
— அரசு ஊழியர், வேலூர்

அதே ஆப்பைத் திறந்து அலைவரிசைப் பத்தியைப் பாருங்கள். எந்த நாட்டுக் கொடியாக இருந்தாலும் சரி, ஒரு வரியிலாவது ‘எல்5’ அல்லது ஐரோப்பாவின் கலிலியோ வரியில் ‘ஈ5ஏ’ என்று இருந்தால் தேவையான ஆன்டெனா உள்ளே இருக்கிறது. அப்டேட்டில் வர வாய்ப்பு உண்டு. எல்லாமே எல்1, ஈ1 என்றால் வராது.

காரணம் இதுதான். காலங்காலமாகப் போன்கள் கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதுதான் எல்1. நாவிக் பேசுவது 1176.45 மெகாஹெர்ட்ஸில், அது எல்5. இதோடு எஸ் பேண்டில் 2492.028இலும் பேசும், ஆனால் சாதாரணப் போன்கள் அதைக் கேட்பதில்லை. காதே இல்லாத அலைவரிசையை எந்த அப்டேட்டும் கொண்டுவந்து சேர்க்க முடியாது. 2020 ஜனவரியில் ஸ்னாப்டிராகன் 720ஜி, 662, 460 ஆகிய சிப்கள் நாவிக் வசதியோடு அறிவிக்கப்பட்டன. ஆனால் சிப்பில் வசதி இருப்பது வேறு, போன் தயாரித்தவர் எல்5 ஆன்டெனா வைத்திருப்பது வேறு. சிப் பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்.-01, நாவிக் சிக்னலை எல்1 அலைவரிசையிலும் அனுப்பும் முதல் செயற்கைக்கோள். ‘அப்படியானால் பழைய போனுக்கும் கேட்குமே’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். அலைவரிசை ஒன்றுதான், மொழி வேறு. அந்தக் குறியீட்டைப் புரிந்துகொள்ளும் சிப் வேண்டும்.

விசைப்படகில் 12 வருடமாக ஒரு கைக்கருவி வைத்திருக்கிறேன். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். புதுச் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டதால் இனி இது பிடிக்காது, புதுசு வாங்கு என்கிறார்கள். நிஜமா? தடைக்காலம் முடிந்து எடுத்தால் ரொம்ப நேரம் தேடிக்கொண்டே இருக்கிறது.
— படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

நிஜமில்லை. 2018 டிசம்பரிலிருந்து ஏவப்படும் மூன்றாம் தலைமுறை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் உங்கள் கருவிக்குத் தெரிந்த அந்தப் பழைய சிக்னலை 1575.42இல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிய சிக்னல்கள் கூடுதலாக வந்தவை. பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தவை அல்ல.

ரொம்ப நேரம் தேடுவதற்குக் காரணம் அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பொதுப் பட்டியலைக் கருவி நினைவில் வைத்திருக்கும். அணைத்துப் போட்ட இரண்டு மாதத்தில் அது பழசாகிவிடும். புதுப் பட்டியல் முழுதாக இறங்க பன்னிரண்டரை நிமிடம் ஆகும், நடுவில் சிக்னல் அறுந்தால் இன்னும் கூடும். கடலுக்குப் போகும் முதல் நாளுக்கு முந்தைய மாலையில், கருவியைப் படகின் திறந்த தளத்தில் வானம் பார்த்து 20 நிமிடம் அசையாமல் வையுங்கள். மறுநாள் ஒரு நிமிடத்துக்குள் பிடிக்கும். தடைக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வைக்க மறக்காதீர்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, முனைகளில் பச்சைப் பூஞ்சணம் போல ஏறும். உப்புக் காற்றில் அது சீக்கிரமே தகட்டைத் தின்றுவிடும்.

இருக்கும் கருவியிலேயே கூடுதலாகப் பெற இரண்டு வழி உண்டு. ‘செட்டப்’பில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போனால் ‘சாட்டிலைட் சிஸ்டம்’ என்று இருக்கும். 2011க்குப் பின் வந்த பல மாடல்களில் அங்கே ‘ஜி.பி.எஸ். + குளோனாஸ்’ என்று தேர்ந்தெடுக்கலாம். ரஷ்யாவின் குளோனாஸும் சேர்ந்தால் எண்ணிக்கை கூடும், பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அடுத்தது, அதே இடத்தில் ‘வாஸ்/எக்னாஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தின் பிழையைத் திருத்தும் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளின் பெயர்கள் அவை என்றாலும், இந்தியாவின் ‘ககன்’ அமைப்பும் அதே முறையில்தான் பிழைதிருத்தம் அனுப்புகிறது. செயற்கைக்கோள் பக்கத்தில் 40, 41, 45 என்ற எண்களில் ஏதாவது தெரிந்தால் அதுதான் ககன். கொஞ்ச நேரத்தில் மற்றக் கோடுகளின் மேல் ‘டி’ என்ற எழுத்து விழும். திருத்தம் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

என் பழைய கருவியில் இடம் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் இருக்கிறது. இடத்தையும் நம்பலாமா?
— படகு ஓட்டுநர், தூத்துக்குடி

இடத்தை நம்பலாம். ஜி.பி.எஸ். வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், அதற்குப் பிறகு மறுபடி 0. கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில், அடுத்தது 2038 நவம்பரில். கருவி தன் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதப்பட்ட காலத்தை வைத்து எந்தச் சுற்று என்று ஊகிக்கிறது. அந்த ஊகத்தின் கெடு முடிந்ததும் 1024 வாரம், அதாவது 7168 நாள், பின்னால் போய்விடும். 2026 மார்ச் 15 அன்று பார்த்தால் 2006 ஜூலை 30 என்று காட்டும். கிழமை மட்டும் மாறாது, இரண்டும் ஞாயிறுதான். உங்கள் கருவியில் கிழமை சரியாக இருந்தால் கோளாறு இதுதான் என்று முடிவு செய்துவிடலாம்.

தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் வெளியிட்டிருந்தால் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கருவியில் வரும் சூரிய உதய நேரத்தையும் ஏற்றவற்றக் கணக்கையும் நம்பாதீர்கள். அவை தேதியை வைத்துப் போடப்படுபவை.

வானொலியில் சொன்ன பாயிண்டைத்தான் (இடத்தின் டிகிரி எண்கள்) போட்டேன். போய்ப் பார்த்தால் ஆறு மைல் தள்ளி இருக்கிறது. கருவி பழுதா?
— நாட்டுப்படகு மீனவர், ஜெகதாப்பட்டினம்

கருவியில் பழுதில்லை, எழுதும் முறை இடித்திருக்கிறது. 9 டிகிரி 15 நிமிடம் என்பதைத் தசமத்தில் எழுதினால் 9.25. அதையே 9.15 என்று போட்டால் 0.1 டிகிரி குறைகிறது. வடக்கு தெற்கில் 0.1 டிகிரி என்றால் 11 கிலோமீட்டர், சரியாக ஆறு நாட்டிகல் மைல். ‘செட்டப்’பில் ‘பொசிஷன் ஃபார்மட்’டைத் திறந்து, டிகிரியும் நிமிடமுமாக உள்ள வடிவத்துக்கு மாற்றுங்கள். கூட வரும் படகுகளும் அதே வடிவத்தில் இருக்கட்டும். எல்லைக்கோடு அருகில் இருக்கும் பாக் நீரிணையில் ஆறு மைல் பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனிலிருந்து கருவிக்குப் பாயிண்ட் ஏற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். போன் பெரும்பாலும் தசமத்தில்தான் காட்டும்.

படகுகளுக்குக் கொடுக்கும் நாவிக் கருவியில் புயல் செய்தி வருகிறது. நாவிக் போனிலும் அது வருமா?
— மீனவர் சங்கப் பொறுப்பாளர், கடலூர்

வராது. இதை நம்பி யாரும் கடலுக்குப் போய்விடக் கூடாது. போன் நாவிக்கிடமிருந்து எடுத்துக்கொள்வது இடத்தைக் கணக்கிடத் தேவையான சிக்னலை மட்டும். செய்தியைப் பெறுவதற்கான கருவி தனி. 2019இல் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அறிமுகப்படுத்திய ‘ஜெமினி’ அப்படி ஒன்று. ககன் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும், பதில் அனுப்ப முடியாது. படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரில் இருபக்கமும் செய்தி போகும். அதைச் சுமப்பது வேறொரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்.

நியோ-6எம் என்ற ஜி.பி.எஸ். பலகை வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் ஒரு வண்டி கண்காணிப்புக் கருவி செய்திருந்தேன், நன்றாக ஓடியது. அதைக் கழற்றிவிட்டு நியோ-எம்8என் போட்டேன். விளக்கு மினுக்குகிறது, சிக்னல் பிடித்துவிட்டது, ஆனால் என் நிரலுக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. வயரிங் அதேதான், வேகமும் அதே 9600.
— பாலிடெக்னிக் மாணவர், கோயம்புத்தூர்

எழுத்து வருகிறது, உங்கள் நிரல்தான் அதைத் தள்ளிவிடுகிறது. 6எம் ஜி.பி.எஸ். மட்டும் கேட்பது. அதனால் ஒவ்வொரு வரியையும் ‘ஜி.பி.’ என்ற இரண்டெழுத்தில் தொடங்கும்: ஜி.பி.ஆர்.எம்.சி., ஜி.பி.ஜி.ஜி.ஏ. எம்8என் பல அமைப்புகளைக் கலந்து விடை தருவதால் ‘ஜி.என்.’ என்று தொடங்கும். உங்கள் நிரல் ‘ஜி.பி.ஆர்.எம்.சி.’ என்ற முழுச் சொல்லைத் தேடினால் காலம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டெழுத்தை விட்டுவிட்டுக் கடைசி மூன்றெழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பழைய நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால் புதிய பதிப்பு போடுங்கள். நிரலைத் தொடவே முடியாது என்றால், இந்தப் பலகைகளை அமைக்க உதவும் யூ-சென்டர் மென்பொருளில், என்.எம்.இ.ஏ. என்ற வரி வடிவத்துக்கான அமைப்புக்குப் போய் தலைப்பெழுத்தை ‘ஜி.பி.’ என்று கட்டாயப்படுத்தலாம். வரியை நீங்களே வாங்கி ‘என்’னை ‘பி’யாக மாற்றி அனுப்பாதீர்கள். வரியின் கடைசியில் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாமல் போய் வரி முழுவதும் நிராகரிக்கப்படும்.

அடுத்து உங்களுக்கு வரப்போகும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து. ஜி.பி.எஸ்., குளோனாஸ் இரண்டுக்கும் தனித்தனியாகச் செயற்கைக்கோள் பட்டியல் வரிகள் வருவதால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு வரி ஆகிவிடும், குழாய் விளிம்பு வரை நிரம்பிவிடும். ஆர்டுயினோவின் மென்பொருள் சீரியலுக்கு 64 எழுத்துதான் கொள்ளளவு. நிரல் கொஞ்சம் வேறு வேலையில் இருந்தால் வரி நடுவில் வெட்டுப்படும். ஜி.எஸ்.வி., ஜி.எல்.எல்., வி.டி.ஜி. என்ற மூன்று வகை வரிகளையும் அணைத்துவிடுங்கள். உங்கள் வேலைக்கு ஆர்.எம்.சி.யும் ஜி.ஜி.ஏ.வும் போதும். அமைப்பைச் சேமிக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கலிலியோ வேண்டுமென்றால் யூ-சென்டரில் ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள். 3.01 இருந்தால் உண்டு, 2.01 என்றால் இல்லை. ஜி.பி.எஸ்.ஸோடும் கலிலியோவோடும் சேர்த்து குளோனாஸ், சீனாவின் பெய்டோ இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். பழைய பலகையோடு வந்த ஆன்டெனாவை இதில் மாட்டியிருந்தால் அதுவும் ஒரு தடை. 1575ஐ மட்டும் விடும் குறுகிய வடிகட்டி அதில் இருந்தால் 1602இல் வரும் குளோனாஸும் 1561இல் வரும் பெய்டோவும் வாசலிலேயே நின்றுவிடும். நாவிக் இந்த இரண்டு பலகையிலும் கிடையாது. அதற்கு எல்5 கேட்கும் புதிய தலைமுறை சிப்பும், அதற்கேற்ற ஆன்டெனாவும் சேர்த்தே வாங்க வேண்டும்.

திருநெல்வேலியில் டிரோனில் வயல் படம் எடுக்கிறோம். பகலில் 18, 20 செயற்கைக்கோள் காட்டும் கருவி, மார்ச் மாதம் இரவு எட்டு மணிக்கு சோதனையாகப் போட்டபோது திடீரென்று ஏழெட்டாக இறங்கிப் போனது. மழை இல்லை, மேகம் இல்லை. கருவியை மாற்ற வேண்டுமா?
— டிரோன் இயக்குநர், பாளையங்கோட்டை

வேண்டாம். நீங்கள் நிற்கும் இடம் அப்படி. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டுக்கு மேலே, மின்துகள்கள் நிறைந்த மேல் அடுக்கான அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். குமிழி வழியாக வரும் சிக்னல் கொதிக்கும் நீருக்கு மேலே தெரியும் காட்சி போல ஆடும், கருவி பிடி விட்டுவிடும். மாலை ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரைதான் இதன் ஆட்டம். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் அதிகம்.

எல்1, எல்5 இரண்டையும் கேட்கும் இரட்டை அலைவரிசைக் கருவி வாங்கினால் தீருமா என்றால் பாதிதான் தீரும். அயனி மண்டலம் சிக்னலை இரண்டு விதமாகத் தொந்தரவு செய்கிறது. ஒன்று தாமதம். ஒரே அளவு மின்துகள்களுக்கு எல்1இல் 16 சென்டிமீட்டர் பிழை என்றால் எல்5இல் 29. இந்த வித்தியாசத்தை வைத்தே தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம், இரட்டை அலைவரிசையின் பெரிய லாபம் அது. இன்னொன்று ஆட்டம். இதில் எல்5 எல்1ஐ விட அதிகமாகவே அடிபடும். அதற்கு மருந்து எண்ணிக்கை. குமிழி வானம் முழுவதையும் மறைப்பதில்லை. ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று நான்கு அமைப்பும் கேட்கும் கருவிக்கு மறையாத பக்கத்தில் போதிய செயற்கைக்கோள்கள் மிஞ்சும். அளவெடுக்கும் வேலையை மாலை ஆறுக்குள் முடித்துவிடுங்கள். எண்ணிக்கை இறங்கத் தொடங்கியதும் தானாகத் திரும்பி வரும் வசதியை நம்பாமல் கண்ணுக்கெதிரே வைத்துக் கையால் இறக்குங்கள்.

ஓட்டத்துக்காக வாங்கிய கைக்கடிகாரத்தில் ‘மல்டி-பேண்ட்’ இருக்கிறது. போட்டால் பேட்டரி வேகமாகத் தீர்கிறது. எப்போதும் வேண்டுமா?
— வாசகி, சென்னை

‘மல்டி-பேண்ட்’ என்றால் எல்1, எல்5 இரண்டையும் கேட்பது. மெரினாவில் ஓடும்போது வேண்டாம். தியாகராய நகரின் உயரக் கட்டடங்களுக்கு நடுவில் ஓடினால் வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் நேர் சிக்னலோடு கலப்பதுதான் நகரத்தில் பிழைக்கு மூலம். எல்1 குறியீட்டின் ஒரு துண்டு 293 மீட்டர் நீளம், எல்5இல் அது 29 மீட்டர். அளவுகோல் நுணுக்கமாக இருப்பதால் சுற்றி வந்த சிக்னலைப் பிரித்து ஒதுக்க முடிகிறது. கொடைக்கானல் சோலைக்குள் நடப்பவர்களுக்கும் ஓரளவு உதவும், ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சுவதை மட்டும் எதுவும் தடுக்காது.

நாவிக் போனை வைத்து வயலைச் சுற்றி நடந்து பரப்பளவு எடுத்தேன். பட்டாவில் 20 சென்ட், போன் 23 என்கிறது. எது சரி?
— விவசாயி, மன்னார்குடி

பட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 28 மீட்டர் சொச்சம். போன் 3 மீட்டர் தவறினாலே பக்கத்துக்குப் பத்து சதவீதப் பிழை. நாவிக் சேர்ந்ததால் இது சென்டிமீட்டருக்கு வந்துவிடாது. வரப்புத் தகராறுக்குத் தேவை, நிலையான தளத்திலிருந்து திருத்தம் வாங்கும் ஆர்.டி.கே. கருவி, அல்லது சர்வேயரின் சங்கிலி. போன் கணக்கு, எத்தனை மூட்டை உரம் வேண்டும் என்று பார்க்கப் போதும். அதற்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, மூலைக்கு மூலை பத்து நொடி நின்று, மூன்று தடவை சுற்றிச் சராசரி எடுங்கள்.

இந்தியாவில் வாங்கிய நாவிக் போன் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யுமா? மகன் கனடாவுக்குக் கொண்டுபோகிறான், அங்கே?
— வாசகர், யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும். இந்தியாவும் எல்லையிலிருந்து சுமார் 1500 கிலோமீட்டர் சுற்றுவட்டமும் நாவிக்கின் சேவைப் பகுதி, இலங்கை முழுவதும் அதற்குள் அடக்கம். டொரொண்டோவிலிருந்து பார்த்தால் நாவிக்கின் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் எல்லாம் அடிவானத்துக்குக் கீழே, அங்கே நாவிக்கை நம்பிப் பயனில்லை. நாவிக்குக்காக வைத்த அதே எல்5 ஆன்டெனாவில் ஜி.பி.எஸ்.ஸும் கலிலியோவும் அங்கே கேட்கும். போனில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.